பூஜை போடாத சீட்

என் கணவருக்கு கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திண்டிவனத்தில், எங்கள் வீட்டு போர்டிகோவில், காரையே கட்டிய மேதை அவர். லைசென்ஸ் எடுத்தது நான். மயிலத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் எனக்கு வேலை. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், சாயங்காலம் நின்றுகொண்டே வந்து, இடுப்பு விட்டுப்போயிருந்தது. "இனிமே நீ பஸ் ஏற வேணாம். உனக்காகத்தான் பண்றேன்" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

பழைய கார் ஒன்றின் இஞ்சினும் அடிச்சட்டமும் லாரியில் வந்தன. ஃபைபர் பாடி பெட்டி பெட்டியாக வந்தது. ஒரு மெக்கானிக் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். "உள்ள மட்டும் என் டேஸ்ட்டுல நானே பண்றேன்" என்று இவர் கிளம்பினார். அங்கே பிடித்தது சனி.

விழுப்புரத்தில் ஒரு கடையில் மெரூன் ரெக்சினில் சீட் தைத்துக்கொண்டு வந்தார். டேஷ்போர்டுக்கு மரம் மாதிரி ஸ்டிக்கர். கூரையில் நீல லைட், ரிசப்ஷன் மேடைக்குப் போடுவதுபோல. பின்னால் மனிதர் உட்காரும் இடத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. ஆமாம் போட ஒரு நண்பர் தினமும் வந்துவிடுவார். மனை புரோக்கர் என்று பேர், வேலை பார்த்து நான் பார்த்ததில்லை. எதைக் காட்டினாலும் "சும்மா ராயலா கீதுண்ணா" என்பார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு நாள் நானே ஆசைப்பட்டுக் கேட்டேன்.

"ஏங்க, நான் ஒருவாட்டி உக்காந்து பாக்கட்டா?"

"பூஜை போடாம சீட்ல யாரும் உக்காரக் கூடாது."

சட்டம் அவருக்கும்தான். சீட் எங்கே வரவேண்டும் என்று பார்க்க, காருக்குள் பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். தன் காலை நீட்டி, தன் கையை நீட்டி அளவெடுத்தார். நான் அவர் தோளுக்குக்கூட எட்ட மாட்டேன். கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் அது கண்ணில் படவில்லை போலிருக்கிறது. சீட்டை முன்னே பின்னே நகர்த்துவதற்கான இரும்பு ரெயிலும் அந்தப் பெட்டிகளில் ஒன்றிலேயே வந்திருந்தது. "அது லொடலொடன்னு ஆடிக்கினே இருக்கும்" என்று அதைப் பரணில் போட்டுவிட்டு, சீட்டின் காலை அடிச்சட்டத்தோடு வெல்டிங் வைத்தார்.

பூஜையன்று தெருவே வந்து நின்றது. சந்தனம், குங்குமம், மாலை, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். கதவைத் திறந்துவிட்டு "உக்காரு" என்றார். சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. பட்டுப்புடவையோடு வழுக்கிக்கொண்டு பின்னால் போனேன். காலை நீட்டினேன். கட்டைவிரல் நுனிதான் கிளட்சில் பட்டது.

"எட்டலங்க."

"நல்லா உக்காரு."

"நல்லாத்தான் உக்காந்துகினு இருக்கேன். எட்டல."

"முதுவுக்கு ஒரு தலகாணி வெச்சிக்கினா சரியாப் பூடும் அண்ணி" என்றார் புரோக்கர்.

தலையணை வந்தது. கால் எட்டியது. ஸ்டீயரிங் வயிற்றில் இடித்துக்கொண்டு திரும்ப மறுத்தது. "கொஞ்சம் அட்ஜஸ் பண்ணி ஓட்டேன், எல்லாரும் பாக்கறாங்க" என்று இவர் பல்லைக் கடித்தார். பார்க்கிறார்களாம். ரோட்டில் நான் லாரிக்கு அடியில் போனாலும்தான் பார்ப்பார்கள். தலையணையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

"நீங்க ஓட்டுங்க."

தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல நேரம் போகிறதே என்று புரோக்கரும் இன்னும் நாலு பேரும் காரைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதற்குக் கைதட்டல் வேறு. பிறகு பழைய இடத்துக்கே தள்ளி நிறுத்திவிட்டுக் கேசரி சாப்பிட்டார்கள்.

வெல்டிங்கை அறுத்து ரெயிலைப் போடச் சொல்லி அன்றைக்கே கேட்டேன். பூஜை போட்ட வண்டியை உடனே அறுக்கக் கூடாதாம். ரெக்சின் வேறு தீய்ந்துவிடுமாம். நான் மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

இன்றுவரை ஏறிக்கொண்டிருக்கிறேன். கார் போர்டிகோவில்தான் இருக்கிறது. சாயங்காலமானால் அவர் அதில் போய் உட்கார்ந்து, நீல லைட்டைப் போட்டு, காலை நீட்டிப் பாட்டு கேட்கிறார். அவருக்கு அளவு கச்சிதம். நேற்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டைத் திறந்தபோது, கார் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னிக்காச்சும் பஸ்ல உக்கார எடம் கெடைச்சுதா?"