புள்ளியனும் கொம்பனும்

புள்ளித் திருக்கை, கொம்புத் திருக்கை, இரண்டுமே கடலில் அருகி வருகின்றனவாம். படத்தோடு பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். எழுபதுகளில், கடல் கண்ணுக்கே எட்டாத பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் வைத்து ஒப்பிட்டேன்.

அப்போது தோட்ட ஆபீசில் கிளார்க். முதல் குழந்தை பிறந்து பதினொரு நாள். மனைவிக்குப் பால் ஊறவில்லை. குழந்தையின் எடை இறங்கிக்கொண்டே வந்தது. துணைக்கு வந்திருந்த மாமியார் சொன்னார்: "திருக்கைக் கருவாடு வாங்கிட்டு வாங்க மாப்ள. புள்ளி போட்டதா பாத்து வாங்குங்க. கொம்பன் சூடு."

சந்தையில் கருவாடு விற்ற கம்பத்துக்காரர் சிரித்தார். "யாரு சொன்னா? கொம்பன்தான் சார் பாலுக்கு. புள்ளி வெறும் அழகுக்கு."

இரண்டு பேர் இரண்டு சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கினேன். புள்ளியனின் தோலில் முப்பத்தேழு வெள்ளைப் புள்ளிகள். கொம்பனின் தோல் ஒரே கறுப்பு. எண்ண எதுவும் இல்லாதது அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் மூன்று நாள் புள்ளியன், அடுத்த மூன்று நாள் கொம்பன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, மாலை ஐந்து முதல் எட்டு வரை குழந்தை எத்தனை முறை அழுகிறது என்று நோட்டில் குறித்தேன். பதினான்கு, ஒன்பது, ஏழு. கொம்பனுக்கு ஆறு, நான்கு, நான்கு. எடையும் ஏறியது. கொம்பனே சிறந்தது என்று அறிவித்தேன்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவளுக்கு அந்த வாடையே ஆகல மாப்ள. ஒரு வாய் திங்கல."

"பின்ன யாரு தின்னது?"

"பக்கத்து வீட்டுக்காரி. பால் குடுக்கறவதானே திங்கணும்?"

கொழுந்து கிள்ளும் அந்தப் பெண்ணுக்கு நான்கு மாதக் குழந்தை இருந்தது. வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் எங்கள் குழந்தைக்கும் பால் கொடுத்திருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க நோட்டு கெட்டுப் போயிருமே" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுக்காரியிடமே போய், எது மேல் என்று கேட்டேன். "ரெண்டுலயும் உப்பு தூக்கல் சார்" என்றாள்.

அடுத்த வாரம் மனைவிக்குத் தானாகவே பால் ஊறியது. அதற்குள் கருவாடு தீர்ந்திருந்தது.

பத்திரிகையில் போட்டிருக்கிறபடி, புள்ளியன் ஓர் ஈற்றில் அதிகம் போனால் நான்கு குட்டி போடுமாம், கொம்பன் ஒன்றுதானாம். இரண்டும் வயிற்றுக்குள்ளேயே ஒருவிதப் பால் சுரந்து குட்டியை வளர்க்குமாம். பத்திரிகைக்காரருக்கு எழுதலாமென்று பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். முப்பத்தேழு புள்ளிகளும் நாற்பத்து நான்கு அழுகைகளும் அப்படியே இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரி எத்தனை முறை பால் கொடுத்தாள் என்பதுதான் இல்லை.