தோசைக்கல்லையும் வெளுத்தேன்

வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் பதினோரு வருடம் நான் செய்த வேலை ஒன்றுதான்: காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி இரும்பின் துருவை உரிப்பது. சொந்த ஊரான ஜெகதாப்பட்டினம் திரும்பியதும் அதே மாதிரி மணல் பீய்ச்சும் மெஷின் ஒன்றை வாங்கிக் கொல்லையில் போட்டேன்.

முதல் நாளே ஒரு விசைப்படகின் நங்கூரம் வந்தது. குழாயைக் காட்டிய இடமெல்லாம் துரு பறந்து, இரும்பு வெள்ளை வெளேரென்று எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நங்கூரம் முடிந்தும் கை நிற்கவில்லை. வீட்டு கேட், கிணற்று உருளை, பக்கத்து வீட்டு சைக்கிள் கேரியர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெளுத்தேன். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

அந்த வேகத்தில்தான் அடுப்படிக்குள் புகுந்தேன். இரும்புத் தோசைக்கல் கன்னங்கரேலென்று கிடந்தது. விடுவேனா? கொல்லைக்குத் தூக்கி வந்து ஒரே நிமிடத்தில் அதையும் வெள்ளையாக்கி, பரிசு போல மனைவியிடம் நீட்டினேன்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, கல்யாணமான நாள்லேருந்து எண்ணெய் தடவித் தடவி நான் பழக்குன கல்லுங்க இது! இனிமே இதுல ஒரு தோசை எந்திரிக்குமா?”

எழவில்லை. சுரண்டித்தான் தின்றோம்.

“மறுபடி பழக்கிக் குடுக்குறது ஒங்க வேலை,” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கிறேன். இன்னும் ஒரு தோசைகூட முழுசாக வரவில்லை. கொல்லையில் மெஷின் சத்தம் கேட்டால் போதும், அவள் பணியாரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுகிறாள்.