முட்டையில்லாமல் வெள்ளை வராது

என் தங்கை மகனுக்கு ஆறு வயதில் சிறுநீரக நோய் வந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து, வீக்கமெல்லாம் வடிந்து வீட்டுக்கு வந்தான். அதன் பிறகு தினமும் காலையில் அவனுடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டிப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. மூன்று நாள் தொடர்ந்து வெள்ளையாகத் திரிந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரி வாட்டுக்கு வர வேண்டும்.

இதை வாட்டு நர்ஸ், மிஸ்ஸி, சிங்களத்தில் விளக்கினார். கடைவீதியில் சரளமாகச் சிங்களம் பேசும் மச்சானுக்கு வெள்ளை உடுப்பைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் தமிழில் சொன்னேன்.

"முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு சத்து வீணாப் போகுதாம். சூடு பட்டா அது வெள்ளையாத் திரியுமாம்."

தங்கையும் மச்சானும் தலையாட்டினார்கள். பையன் கட்டிலில் காலாட்டிக்கொண்டிருந்தான்.

பெல்மதுளைக்கு அருகில் அவர்களுடைய தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் மச்சான் தினமும் குப்பி லாம்பின் மேல் குழாயைப் பிடிப்பார். தங்கை சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "என்னங்க, தெளிவா?" என்பாள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "என்ன தம்பி, தேத்தண்ணி இன்னும் கொதிக்கலியா?" என்பார். தெளிவு என்றதும் பையனை அந்த அக்காவிடம் விட்டுவிட்டுத் தங்கை கொழுந்து பறிக்க ஓடுவாள்.

ஒருநாள் வெள்ளையாகத் திரிந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தயிர் மாதிரி இருந்தது. மச்சான் என்னைத் தேடி ஓடி வந்தார்.

பஸ்ஸில் தங்கை பையனின் கண்ணுக்குக் கீழே அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "வீங்கின மாதிரி இல்ல அண்ணே?" எனக்கு எந்த வீக்கமும் தெரியவில்லை. நோயாளி ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்திருந்தான்.

வாட்டில் மிஸ்ஸி தன் கண்ணெதிரிலேயே அவனை ஒன்றுக்கு இருக்கச் சொல்லிச் சூடு காட்டினார். தெளிவு. மறுபடியும் எடுத்தார். தெளிவு.

"வீட்டுல தயிர் மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுங்க மச்சான். இவங்க லாம்புலதான் என்னமோ கோளாறு" என்றார் மச்சான். அதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன்.

மிஸ்ஸி மூன்றாம் முறை கிண்ணத்தை நீட்டினார். பையனுக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தனை வாட்டிதான் இருக்கிறது? முட்டை இல்லாம எப்புடி வெள்ளையா வரும்?"

விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. அக்காவின் கோழி இட்ட முட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு, மூத்திரக் கிண்ணத்தில் கொஞ்சம் விட்டு, ஈர்க்குச்சியால் கலக்கியிருக்கிறான். முட்டையே இடுவதில்லை என்று மூன்று நாளாக அக்காவிடம் திட்டு வாங்கிய கோழி நிரபராதி. நான் சிங்களத்தில் சொல்லி முடிக்குமுன் மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மச்சான் கையை ஓங்கினார். "ஏன்டா இப்புடி செஞ்ச?"

"இங்கனன்னா அம்மா கொழுந்துக்குப் போகாது. நாள் பூரா எங்கூடவே இருக்கும்."

ஓங்கிய கை கீழே இறங்கி மச்சானின் சொந்தப் பிடரியைச் சொறிந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தங்கை சொன்னாள். "நாளைக்கு நான் வேலைக்குப் போகலங்க."

"கங்காணி கேட்டா என்னான்னு சொல்றது?"

"புள்ளைக்கு நல்லாயிருச்சுன்னு சொல்லுங்க. அதைப் பாத்துக்கிட்டு ஒருநாள் வீட்டுல இருக்கேன்."

அவள் இடுப்பிலிருந்தவன் பேரத்தைத் தொடங்கினான்.

"ரெண்டு நாள்மா."