தங்கைக்குக் கொடுக்காத தண்ணீர்

தங்கைக்குப் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் தலையிடி தொடங்கியது. பிள்ளைப்பேற்றுக்கு அச்சுவேலியில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். சண்டையால் கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்த வருடம். அவளுடைய பத்தியச் சாப்பாடு முழுவதும் என் பொறுப்பு. எனக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் போதும், பொலிஸ்காரி ஆகிவிடுவேன்.

பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது அம்மாவின் முடிவு. மிளகு, மஞ்சள் என்று சரக்கு அரைத்த கறியும் சோறும், இரண்டு நேரம் அரைக் கோப்பை மல்லித் தண்ணீரும் மட்டும். பங்குனி வெயிலில் யன்னல் எல்லாம் சாத்திய அறை.

"அக்கா, நாக்கு ஒட்டுது. ஒரு மிடறு பச்சைத் தண்ணி தாவன்."

"முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும். பிறகு கிணத்தையே குடி."

பகிடிக்குத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள். அடுத்த நாள், குளிக்க வார்த்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்கப் பார்த்தாள். தட்டிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே வெறுப்பு வருகிறது.

தலையிடிக்கு வேர்க்கொம்புச் சுக்கு உரைத்துப் பூசினோம். நித்திரை முழிப்பு என்று சொல்லிக்கொண்டோம். பன்னிரண்டாம் நாள் காலை, பக்கத்தில் கிடந்த குழந்தையைக் காட்டி, "இது ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டாள். மத்தியானம் வலிப்பு வந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய அயல்வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மூளைக்குள்ளை ஆழத்திலை, பாவிச்ச ரத்தத்தை வெளியாலை கொண்டுபோற நாளங்கள் இருக்கு. அதுகளுக்குள்ளை ரத்தம் உறைஞ்சிட்டுது எண்டு நினைக்கிறன். போக வழியில்லாமல் ரத்தம் தேங்கி மூளை வீங்குது. படம் எடுத்துப் பாக்க இஞ்சை மிஷின் இல்லை. பிள்ளை பெத்தவைக்கு இப்பிடி வாறதுண்டு. உடம்பிலை தண்ணி வத்தினால் இன்னும் கெதியா உறையும். அவ எவ்வளவு தண்ணி குடிச்சவ?"

சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். அவள் கண் திறக்கவே இல்லை. பதினைந்தாம் நாள் காலை போய்விட்டாள்.

டொக்டர் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா சொல்லிச் சொல்லி அழுதார்.

"பத்தியத்திலை ஒரு குறையும் வைக்கேல்லை. மூத்தவள் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்தவள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை, பச்சைத் தண்ணி ஒரு சொட்டெண்டாலும் குடுத்தனாங்களோ?"

"இல்லையம்மா" என்றேன்.