ஆறாவது பாடத்துக்கு நேரே ஒரு கோடு

மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் அவளைப் போர்வையக்கா என்றால்தான் தெரியும். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் விடமாட்டாள். எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்களுக்கு அந்தச் சுருக்கமே புண்ணாகிவிடும். பதினெட்டு வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, நாற்பத்தோரு வயதில் மாலைநேரக் கல்லூரியில் நோயாளர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடம். சான்றிதழ் கைக்கு வந்தால் வேலை நிரந்தரமாகும். காலியாக இருந்தது ஒரே ஒரு இடம்.

தேர்வு முடிவு வந்த அன்று கைப்பேசியைக் கணவரிடம் நீட்டினாள். மேலே பெரிதாக 7.8 என்றிருந்தது.

"இது பத்துக்கா, நூத்துக்கா?" என்றார் அவர்.

"பத்துக்குத்தான். நூத்துக்கு ஏழு வாங்குற ஆளு நீங்க."

கீழே ஆறு பாடங்கள். ஐந்துக்கு நேரே தர எழுத்து இருந்தது. ஆறாவதான செய்முறைக்கு நேரே ஒரு சின்னக் கோடு. அது அவள் கண்ணில் படாமல் இல்லை. வார்டில் நோயாளியின் குறிப்பேட்டில் தொந்தரவு ஒன்றும் இல்லையென்றால் கோடுதான் இழுப்பார்கள். காய்ச்சலா, கோடு. வாந்தியா, கோடு. பக்கம் முழுக்கக் கோடாக இருந்தால் நல்ல நாள். செய்முறையில் தனக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது என்று கைப்பேசியை மூடி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போனாள். வேலைக்கான பட்டியலில் பெயர் சேர்க்க அன்று மாலைதான் கெடு. தேர்வுப் பிரிவு குமாஸ்தா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, உங்களுக்கு ஒரு பாடம் நிக்குது."

"எப்படிப்பா நிக்கும்? ஏழே முக்காலுக்கு மேல இருக்கே!"

"அது மத்த அஞ்சு பாடத்தோட சராசரிக்கா. இதை அதுல சேர்க்கவே இல்ல. பாடத்தோட பேரைத் தொட்டுப் பாத்தீங்களா?"

தொட்டால் திறக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. அவன் தொட்டுக் காட்டினான். 'வகுப்பு மதிப்பெண்: 38/40. செய்முறைத் தேர்வு: பதிவாகவில்லை.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'முறையீடு இருந்தால் பத்து நாட்களுக்குள்.'

"நான் பரீட்சைக்கு வந்தேன் தம்பி. பொம்மையைப் புரட்டிப் படுக்க வெச்சுக் காட்டினேன். மேடம் தலையாட்டினாங்களே."

"அந்த மேடம் வேலையை விட்டுப் போயாச்சு. மார்க் தாள் இங்க வந்து சேரவே இல்ல. பத்து நாளுக்குள்ள கேட்டிருந்தா தேடிப் பிடிச்சிருக்கலாம். இப்போ எங்களால உள்ள ஏத்த முடியாதுக்கா. ஆறு மாசம் கழிச்சு திரும்பச் செஞ்சு காட்டணும்."

வராந்தாவில் நின்று மருத்துவமனைத் தலைமைச் செவிலியைக் கைப்பேசியில் அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அடுத்த பேரைத்தான் அனுப்பணும். என் கையில ஒண்ணும் இல்லம்மா. நாளைக்குக் காலை ஷிப்டுக்கு வந்துடு."

உள்ளே திரும்பி வந்தாள். குமாஸ்தா ஒரு படிவத்தை நகர்த்தினான். மறுதேர்வுக்குக் காரணம் என்று இரண்டே கட்டங்கள். ஒன்று, தோல்வி. மற்றது, தேர்வுக்கு வரவில்லை.

"ரெண்டுமே இல்லையே, தம்பி."

"மூணாவது கட்டம் இல்லக்கா."

"எதைப் போட்டா கெடுதல் கம்மி?"

"வரலைன்னே போடுங்க. தோல்வின்னா சான்றிதழ்லயும் ஏறிடும்."

காய்ச்சலோடுகூட வகுப்புக்கு வந்து உட்கார்ந்தவள் அவள். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டாள்.

"தேதியும் போடுங்கக்கா" என்றான்.

போட்டாள்.