அக்கா தட்டிய கதவுகள்

அக்கா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. திதிக்கு வந்து, எங்களோடு அமர்ந்து உண்டு, இந்த நினைவு மலரை வாங்கிச் செல்லும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மகள் தேவியை முதலில் இடுப்பிலும், பிறகு தோளிலும், பிறகு சக்கர நாற்காலியிலும் வைத்துக்கொண்டு வந்த பெண்ணாகவே தெரியும். அதற்கு முன்பும் அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. உடன்பிறந்த தம்பி என்ற முறையில் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கோல சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அக்கா பிறந்தார். அப்பா குலை வெட்டினார், அம்மா உரம் போட்டார். நான் ஆரம்பப் பள்ளி முதலாம் ஆண்டில் இருந்தபோது அம்மா காலமானார். அக்கா மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை நிறுத்திவிட்டு எனக்குச் சோறு வடித்தார், சட்டை துவைத்துப் போட்டார். வகுப்பில் கணக்கில் அவர்தான் முதல் என்பதையும், பேங்கில் வேலை செய்ய ஆசைப்பட்டார் என்பதையும் அவருடைய பள்ளித் தோழி ஒருவர் அக்காவின் சாவுக்கு வந்து சொல்லித்தான் நான் அறிந்தேன்.

தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகு, பாசிர் பெனம்பாங்கில் மீன் உருண்டை செய்யும் இடத்தில் அக்கா வேலை பார்த்தார். திருமணமானது, தேவி பிறந்தாள். ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது, நடக்க மாட்டாள், பேச மாட்டாள், புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அக்காவின் கணவர் லோரி ஓட்ட ஜொகூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். கணவரைப் பற்றி அக்கா யாரிடமும் குறை பேசியதில்லை. நானும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான பயிற்சி நிலையம் ஒன்றில் தேவியைச் சேர்த்தோம். ஒருநாள் வேனில் வரும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. வேன் ஓட்டுநர் பயந்துவிட்டார். கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்திருங்கள் என்று நிலையத்தில் சொன்னார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தேவிக்குக் கை கால் பயிற்சி கொடுத்த பெண் ஒருமுறை அக்காவிடம், "ஒங்கள மாதிரி அம்மாங்க இந்தப் பக்கம் நெறைய பேரு இருக்காங்கக்கா. ஒருத்தர ஒருத்தருக்குத் தெரியாது, அவ்ளோதான்" என்று சொன்னார். அந்தப் பேச்சு அக்காவைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரில் தேவியைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகத் தொடங்கினோம். அப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளை மளிகைக் கடையில், கோயிலில், கிளினிக்கில் விசாரித்துக்கொண்டு போய் அக்கா கதவைத் தட்டுவார். பல வீடுகளில் வெடுக்கென்று பதில் வரும். "அந்த மாதிரி புள்ள இங்க இல்லீங்க." சில வீடுகளில் எங்களைப் பார்த்ததும் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

தஞ்சோங் காராங் பக்கம் ஒரு தோட்டத்தின் கடைசி லயத்தில் பார்வதி அக்காவைப் பார்த்தோம். அவரும் அதே பதிலைத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னறையில் யாரோ சுவரை அடிக்கும் சத்தம் கேட்டது. அக்கா எதுவும் கேட்கவில்லை. "புள்ளைக்குப் பசிக்கும். இங்க ஒக்காந்து ஊட்டிக்கட்டா தங்கச்சி?" என்றார். வாசலிலேயே உட்கார்ந்து, தேவியின் தாடையைப் பிடித்து, குழைத்த சோற்றை ஊட்டினார். பாதி வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார். பார்வதி அக்கா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தாடைய அப்படிப் புடிச்சா முழுங்குமா?" என்று கேட்டார்.

"முழுங்கும். கொஞ்சம் நேரமாகும்."

பார்வதி அக்கா உள்ளே போய்ப் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டார். அங்கே முகிலன் இருந்தான். பதினாலு வயது. இடுப்பில் ஒரு சாரோங் கைலியைச் சுற்றிக் கட்டில் காலில் கட்டியிருந்தது. "நான் தோட்டத்து வேலைக்குப் போவணும்க்கா. அவுத்து விட்டா ரோட்டுக்கு ஓடிருவான். வேற என்னா பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டு அவர் அழுதார். அக்கா அவரைக் குறை சொல்லவில்லை. முடிச்சை அவிழ்த்து, முகிலனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அப்படித்தான் ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. கோயில் மண்டபத்துப் பின்னறையை அக்கா நிர்வாகத்தாரிடம் கேட்டு வாங்கினார். சனிக்கிழமை மத்தியானம் கூடுவார்கள். பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் விற்கும் ஆ மோய் அக்கா தம் மகனுடன் வருவார். அவன் வளர்ந்த பையன், ஆனால் பேச்சும் சிரிப்பும் சின்னப் பிள்ளைக்குரியவை. தேவியின் நாற்காலியைத் தள்ளுவது அவனுக்கு மிகவும் பிடிக்கும். யாருக்கும் யாரும் பாடம் நடத்தவில்லை. ஒருத்தர் பிள்ளைக்கு இன்னொருத்தர் ஊட்டினார், அவ்வளவுதான். முதல் சனிக்கிழமை பார்வதி அக்கா சுவரோரமாகப் பாயை விரித்துப் படுத்துத் தூங்கியவர், எல்லாரும் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. அவரை யாரும் எழுப்பக் கூடாது என்று அக்கா வாசலில் உட்கார்ந்துகொண்டார். அக்கா மனம் நிறைந்து இருந்த காலம் எதுவென்று என்னைக் கேட்டால், அந்தச் சில மாதங்களைத்தான் சொல்வேன்.

அது நிலைக்கவில்லை. மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்த நாளில் முகிலன் ஓடி வந்து தாம்பூலத் தட்டைத் தட்டிவிட்டான். நிர்வாகத்து அண்ணன் மறுவாரம் அக்காவிடம் மெதுவாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதம்மா. நல்ல காரியம் நடக்கிற எடம்லா. சனங்க ஒரு மாதிரி பேசுறாங்க." அக்கா சாவியைக் கொடுத்துவிட்டார். கூட்டம் எங்கள் வீட்டு முன்புறத்துக்கு மாறியது. அது பலருக்குத் தூரம். தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது, சக்கர நாற்காலியை ஏற்ற டாக்சிக்காரர்கள் சம்மதிப்பதில்லை. ஆ மோய் அக்காவுக்கு மூட்டு வலி வந்து, கிள்ளானில் இருக்கும் மகளிடம் போய்விட்டார்.

பிறகு முகிலனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் இருந்து அவன் திரும்பவில்லை. காரியம் முடிந்ததும் அக்கா தேவியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்வதி அக்காவைப் பார்த்தார். நானும் இருந்தேன். பார்வதி அக்கா காப்பி போட்டுக் கொடுத்தார். தேவியின் பக்கம் திரும்பவே இல்லை. கிளம்பும்போது சொன்னார்:

"இனிமே தேவியக் கூட்டிக்கிட்டு வராதீங்கக்கா. என்னால பாக்க முடியல."

"சரி தங்கச்சி" என்றார் அக்கா. அதற்கடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. மத்தியானம் போட்டு வைத்த தேநீரை அக்கா சாயங்காலம் கொட்டினார். அதன்பிறகு அவர் எந்தக் கதவையும் தட்டப் போகவில்லை.

மார்பில் கட்டி இருப்பதை அக்கா எங்களிடம் சொல்லவில்லை. என் மனைவி மலர்தான் கண்டுபிடித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நோய் முற்றியிருந்தது. ஏன் முன்பே வரவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, "நான் இங்க வந்து படுத்துட்டா எம்புள்ள எங்க படுக்கும் டாக்டர்?" என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

கடைசி வாரத்தில் ஒரு காலையில், குரல் மிகவும் இறங்கிவிட்ட நிலையில், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தேவியப் பாத்துக்கடான்னு ஒன்கிட்ட சொல்ல மாட்டேன், தம்பி."

"ஏன்க்கா அப்படிச் சொல்றே?"

"ஒரு ஆளால முடியாதுடா. எனக்குத் தெரியும். அதுக்குத்தான் நான் வீடு வீடா அலைஞ்சேன்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் முழு வாக்கியமாக எதையும் பேசவில்லை. போகும்போது அவருக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

தேவியை இப்போது நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். மலர் வேலையை விட்டுவிட்டார். அக்கா ஊட்டுவதைப் பல முறை பார்த்திருந்தும், எங்கள் கையால் தேவி சரியாகச் சாப்பிடுவதில்லை. மெலிந்துகொண்டே வருகிறாள். சில இல்லங்களில் கேட்டோம். தானாகச் சாப்பிட முடியாதவர்களை எடுப்பதில்லை என்றார்கள், அல்லது இடமில்லை என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அங்கேயும் கை போதவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தாருக்கும், மூட்டு வலியோடு கிள்ளானிலிருந்து வந்து தகனம் முடியும்வரை நின்ற ஆ மோய் அக்காவுக்கும், சாவன்று சமையல் முழுவதையும் ஏற்றுக்கொண்ட பார்வதி அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பார்வதி அக்கா அன்றும் தேவி இருந்த அறைக்குள் வரவில்லை. அது எங்களுக்கு வருத்தமில்லை என்பதை அவர் இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும். இறுதி ஊர்வலத்துக்கு எங்கள் சாலை கொள்ளாத அளவு வந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. அதில் பத்தில் ஒரு பங்கு பேர் ஏதாவது ஒரு சனிக்கிழமை வந்திருந்தால் அக்கா எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று அன்று எனக்குத் தோன்றியது. குறையாகச் சொல்லவில்லை, தோன்றியதைச் சொல்கிறேன்.

இந்த நினைவு மலரைப் பெறும் வீடுகளில், பின்னறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கும் வீடும் இருக்கலாம். அக்கா இருந்திருந்தால், "வாங்க" என்று ஒரு முகவரியை இந்த இடத்தில் எழுதச் சொல்லியிருப்பார். எழுத என்னிடம் முகவரி இல்லை.