கழிப்பறைச் சாவிக்காக நான் தோற்ற தேர்தல்

ஜனநாயகத்துக்கு நான் ஆற்றிய தொண்டைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

சட்டை தைக்கும் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். என் மனைவி அங்கேயே காலர் தைக்கிறாள். அறுபது பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதற்கும் பூட்டு. சாவி சூப்பர்வைசரின் பையில். அவரிடம் போய்க் கேட்கக் கூசி, தண்ணீர் குடிக்காமலே இருந்து, அவளுக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு எல்லாரும் மெஷின நிறுத்திட்டு எழுந்து நிக்கப்போறோம்" என்றாள்.

"அவசரப்படாத. தொழிலாளர் கமிட்டித் தேர்தல் வருது. நான் ஜெயிச்சு, தீர்மானம் போட்டு, முறைப்படி அந்தப் பூட்ட எடுக்க வைக்கறேன்."

"அதுவரைக்கும் அடக்கிட்டு இருக்கணுமாக்கும்?"

தேர்தலின் மகிமை பற்றி அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். பாவம், ஒப்புக்கொண்டாள்.

ஓட்டுச் சீட்டு வெட்டும் பொறுப்பும் எனக்கே வந்தது. தாளை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். வெட்டிய துணிகள் கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண் ஒட்டுவது எங்கள் வேலை. இருபது வருடக் கைப்பழக்கம், ரகசிய ஓட்டுச் சீட்டிலும் எண் ஒட்டிவிட்டது. எந்த எண் யாருக்கு என்று சூப்பர்வைசர் பொறுமையாகக் குறித்துக்கொண்டே சீட்டைக் கொடுத்தார். அவருடைய ஆளான இஸ்திரிக்காரர் அமோகமாக வென்றார். எனக்கு ஒரே ஓட்டு. அதை நானே போட்டேன்.

"நீயுமாடி?" என்றேன் மனைவியிடம்.

"நம்பர் ஒட்டிக் குடுத்தா எவ போடுவா? நீங்க தோத்தா வீட்டுக்கு வருவீங்க. எனக்கு வேலை போனா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு அறுபது மெஷினும் ஒன்றாக ஓய்ந்தன. அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். நானும் கத்திரியை வைத்துவிட்டு வீரமாக நின்றேன். கட்டிங் மாஸ்டர் நாள் முழுக்க நின்றுதான் வேலை செய்வார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிவந்த மேனேஜர் என் தோளைத் தட்டினார்: "நீங்க ஒருத்தராவது வேலையப் பாக்கறீங்களே, மாஸ்டர்!"

மானம் போனது. எதிர்ப்பைக் காட்ட மேசைமேல் ஏறி உட்கார்ந்தேன்.

"ஐயோ, பிரஷரா மாஸ்டர்?" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

இருபது நிமிடத்தில் பூட்டு போனது. மூன்றாம் நாள் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. பெண்கள் இஸ்திரிக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, எங்க ஓட்டுலதான ஜெயிச்சீங்க? தீர்மானம் போடுறீங்களா, திரும்ப எழுந்து நிக்கட்டுமா?"

அவர் வேர்த்து விறுவிறுத்துத் தீர்மானம் போட்டார், மேனேஜர் கையெழுத்திட்டார், பூட்டு ஒரேயடியாகப் போனது. போராட்டமா, தேர்தலா என்று அறிஞர்கள் விவாதிக்கட்டும். இரண்டுக்குமே உதவாதவன் என்ற பெருமை எனக்கு மட்டும்தான்.

இன்று மதியம் என் மனைவி தையலைப் பாதியில் விட்டு எழுந்து என் மேசையைக் கடந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"இனி உங்ககிட்ட வேற கேட்டுட்டுப் போகணுமா?" என்று நிற்காமல் நடந்தாள்.